வில்லனுக்கு முடி நட்ட ஞாயிற்றுக்கிழமை

தெருவில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் அதற்குத் தோதாகப் பல்செட் செய்து கொடுக்கிறவர். வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. மேஜை, அலமாரி, ஜன்னல் விளிம்பு என்று எங்கே பார்த்தாலும் பிளாஸ்டரில் எடுத்த தாடை அச்சுகளும், பாலிஷ் போட்டு வைத்த பல்செட்டுகளும் ஈயென்று இளித்துக்கொண்டிருக்கும். புதிதாக உள்ளே வருகிறவர்கள் சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுக்கிற மனிதருக்கு, சிரிப்பே இல்லாத ஓர் ஊர் தேவைப்பட்டிருக்கும் போல. கடையில் கிடைக்காததால் அவரே ஒன்றை உண்டாக்கினார்.

எதிர்காலத்தில் ஒரு நகரம். அங்கே மழை நிற்பதே இல்லை. சந்துக்குச் சந்து நியான் விளக்கு. ஜனங்கள் சொந்தக் கை காலைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். இரும்பையும் சதையையும் ஒட்டுவதற்கு உயிர்ப்பசை என்று ஒன்று தள்ளுவண்டியில் விற்கும். எல்லோருக்கும் மேலே ஒரு கம்பெனி, கம்பெனிக்கு மேலே ஒரு முதலாளி. அந்த மழையைக்கூடக் கம்பெனிதான் மெஷின் வைத்துப் பெய்ய வைக்கிறது, யாரும் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இந்தக் கடைசி விஷயம் தோன்றிய அன்று பல்லுக்காரருக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, "நான் இப்போ சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார்கள். குதித்தார்களா, காலை உடைத்துக்கொண்டார்களா என்பதைப் பகடை முடிவு செய்யும். ரூல் முதல் பகடை வரை எல்லாமே அவருடைய கைவேலை. ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிசினில் மிச்சம் மீதியை ஊற்றிப் பகடை வார்த்தார். புள்ளிகளுக்குப் பல்லின் வெள்ளை. பார்த்தால் யார் வாயிலிருந்தோ பிடுங்கியது மாதிரி இருக்கும். வார்ப்பில் எங்கோ ஒரு கோணல், அதனால் முக்கால்வாசி நேரம் நாலுதான் விழும். பழைய தாடை அச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கம்பெனிக் கோபுரம் ரெடி. ஆட்டத்துக்கு 'துரு' என்று பேர் வைத்தார்.

அவருடைய ஆசை ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஆடுகிறவர்கள் ஒரே ஒரு தடவையாவது பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக முதலாளி பேசுவதற்கென்று ஒரு வசனம் எழுதி, பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல்செட்டுகளுக்கு முன்னால் பேசிப் பழகினார். அவையும் கேட்டன, சிரித்த முகம் மாறாமல்.

ஆடுவதற்கு வந்தவர்கள் மூன்று பேர். முதல் ஆள், பல்லுக்காரரின் மனைவிக்குத் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவனுக்குக் கொடுத்த பாத்திரம் கம்ப்யூட்டர் பூட்டுகளை உடைக்கிற ஹேக்கர். அவன் பூட்டை உடைத்து உள்ளே போய்க் காவல் ரோபோவைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "அண்ணே, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா உங்க சார்ஜரோட கதி என்ன, யோசிச்சீங்களா?"

"மாப்ள, அது உன்னைச் சுட வந்த ரோபோ," என்றார் பல்லுக்காரர்.

"சுடட்டும் மாமா. சுடுறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுச் சுடட்டும்."

இரண்டாவது ஆள் பக்கத்துத் தெருவில் பார்லர் வைத்திருக்கிற மேடம். அவரிடம் வேலை பார்க்கிற பெண்கள் மேடம் மேடம் என்று கூப்பிட்டு, வாடிக்கையாளர்களும் கூப்பிட்டு, இப்போது அவருடைய கணவரே சில நேரம் வாய் தவறி மேடம் என்கிறார். ஆட்டத்தில் அவர் கூலிக்கொலைகாரி. பத்து விரலிலும் மடக்குக் கத்தி. அந்தக் கத்திகளைக் கொண்டு இதுவரை ஒருவரையும் குத்தவில்லை. கம்பெனியின் அடியாள் ஒருவனைச் சந்தில் மடக்கி, கழுத்தில் கத்தியை வைத்து, "காதுக்குப் பின்னாடி எவன் உனக்கு இப்படி வெட்டி விட்டது?" என்று கேட்டு, சரி செய்து அனுப்பினார்.

மூன்றாவது ஆள் பஸ் டிரைவர். ஆட்டத்திலும் டிரைவர்தான், பறக்கும் கார்.

"வாரம் பூரா ஓட்டிட்டு இங்க வந்தும் ஓட்டணுமா? மந்திரவாதி மாதிரி ஏதாவது எடுத்துக்கலாமே," என்று பல்லுக்காரர் முதல் நாளே கேட்டார்.

"இங்க ஸ்டாப் கிடையாதுல்ல சார்," என்றார் டிரைவர். "யாரும் கை காட்ட மாட்டாங்க. அது போதும்."

இவரால் வந்த தொல்லை வேறு. கதை நடத்துகிறவருக்குப் பல்லுக்காரர் கௌரவமாக 'நடத்துனர்' என்று பேர் வைத்திருந்தார். அதைக் கேட்டதும் டிரைவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நடத்துனர் "போலாம் ரைட்" சொன்னால்தான் வண்டி நகரும் என்று அடம்பிடித்துவிட்டார். எதிரிகள் குண்டு மழை பொழிந்து துரத்துகிற கட்டத்தில், சூழ்நிலைக்காக அறையின் திரையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மரணம் உங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறது…" என்று சொல்லி நிறுத்துவார் பல்லுக்காரர். அப்புறம் டிரைவர் மெதுவாக, "சார்… ரைட் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஆட்டம். இடம், சாப்பாட்டு மேஜை. அந்த மேஜை யாருடையது என்பதில் வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம் இருந்தது. பல்லுக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எந்த நர்சுக்கு எந்த ஷிஃப்ட் என்று போடுவதெல்லாம் அவர் வேலை. எத்தனை பேர் எத்தனை காரணத்தோடு வந்து நின்றாலும் கடைசியில் அவர் போட்ட ஷிஃப்ட்டைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அவர் குரலை உயர்த்தினதில்லை, தேவைப்பட்டதில்லை. வாரா வாரம் மேஜை முழுக்கத் தாடைகளைப் பரப்பி வைப்பதைப் பார்த்துவிட்டு, "முடிச்சதும் துடைச்சு வெச்சிடுங்க," என்பதோடு சரி.

எல்லாக் குழப்பமும் ஒரு முடியிலிருந்துதான் ஆரம்பித்தது.

பல்லுக்காரர் எழுதிய ரூல்களிலேயே அவருக்குப் பிடித்தது மனுஷத்தனப் புள்ளி. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு புள்ளி. எந்தப் பாகத்தைக் கழற்றி மெஷின் மாட்டினாலும் அந்தப் புள்ளி போச்சு. எல்லாம் போய்ப் பூஜ்யம் ஆனால் நீங்கள் மனுஷனே இல்லை. உங்கள் பாத்திரம் உங்களை விட்டு நடத்துனர் கைக்குப் போய்விடும். மறுபடி ஒரு புள்ளியாவது வந்தால் ஆடுகிறவர் கைக்குத் திரும்பும். அப்படித் திரும்பி வருவது கதைகளில்கூட நடக்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு நம்பிக்கை இருக்கட்டுமே என்று எழுதி வைத்தார்.

மேடம் ஆசை ஆசையாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். கை, கால், கண், மூக்கு எல்லாம் போய் இடது காது மட்டும்தான் பாக்கி. அன்றைக்கு, சுவருக்கு அப்பால் பேசுவதும் கேட்கிற மெஷின் காது ஒன்று சந்தையில் வந்திருந்தது.

"வேண்டாம் மேடம்," என்றார் பல்லுக்காரர். வாய்தான் வேண்டாம் என்றதே தவிர மனசு குதித்தது. மழையில் நனைந்துகொண்டே கூட்டாளிகளைக் கொல்ல வருகிற பழைய தோழி என்று அவர் ஒரு காட்சியே தயார் பண்ணி வைத்திருந்தார். "அந்தக் காதும் போச்சுன்னா நீங்க பூஜ்யம். அப்புறம் உங்க ஆள் என் ஆள்."

"எப்படிப் பூஜ்யமாகும்ண்ணா? முடி இருக்கே."

"எது?"

"தலைமுடி. இடுப்பு வரைக்கும் இருக்கு. முதல் நாளே சொல்லிட்டேன்."

"முடியெல்லாம் உடம்புல ஒரு பாகமா?"

இதை ஒரு பார்லர் மேடத்திடம் கேட்டிருக்கக் கூடாது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரூல் தாளை இழுத்தார். அதில் பல்லுக்காரரின் கையெழுத்திலேயே இருந்தது: உடம்போடு சேர்ந்து வளர்வதெல்லாம் உடம்பின் பாகம். எழுதும்போது கவிதை மாதிரி இருக்கிறதே என்று எழுதினது.

"முடி வளருதா, வளரலையா?" என்றார் மேடம்.

"வளருது. ஆனா…"

"வளரலைன்னா நான் எதுக்கு கடை வெச்சிருக்கேன்?"

பல்லுக்காரர் உதவிக்கு மைத்துனனைப் பார்த்தார். அவன், "மாமா, எழுத்துல இருக்கறதுதான் செல்லும். எங்க தொழில்ல அதுதான் எங்களைக் காப்பாத்துது, அதுதான் எங்களைக் கவுக்குது," என்று கையை விரித்துவிட்டான். துணி மடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன தலைமை நர்ஸ்கூட நின்று தாளை ஒரு பார்வை பார்த்து, "நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேடம் மெஷின் காதை மாட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக, அதைக் கொண்டு சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மூன்று பேரும் கோபுரத்தின் உச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே போவதற்குப் பல்லுக்காரர் மாதக்கணக்கில் பொறிகள் யோசித்து வைத்திருந்தார். ஒன்றிலும் அவர்கள் கால் வைக்கவில்லை. நடுவில் வந்த காவல் ரோபோக்களும் மைத்துனனைப் பார்த்து வணக்கம் சொல்லி வழிவிட்டன. எல்லாம் பாலிசி எடுத்தவை.

சரி, போகட்டும் என்று பல்லுக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார். உச்சியில் முதலாளி இருக்கிறார். எழுந்து போய்த் திரையை மூடிவிட்டு வந்து, ஒரு டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஜன்னல் ஓரம் அவர் நிற்கிறார். தலை முதல் கால் வரை உலோகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. மெதுவாகத் திரும்புகிறார். 'வந்துவிட்டீர்களா,' என்கிறார். 'மனிதன் என்பவன் யார்? ஒரு காலத்தில் நானும்…'"

"அண்ணா, ஒரு சந்தேகம்," என்றார் மேடம். "அவருக்குத் தலையில முடி இருக்கா?"

"இல்ல மேடம், முழு உலோகம். மொட்டை மண்டை. 'ஒரு காலத்தில் நானும் உங்களைப் போல…'"

"அப்ப மனுஷத்தனம் பூஜ்யமா?"

"பூஜ்யம். அதுதான் அவரோட சோகமே. 'உங்களைப் போல மழையில்…'"

"அதனாலதான் அவர் உங்க கையில இருக்காரா?"

டார்ச் வெளிச்சத்தில் பல்லுக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. எங்கே போகிறது இந்தப் பேச்சு என்று லேசாகப் புரிய ஆரம்பித்தது.

"நான் என் தலையில இருந்து வேரோட ஒரு முடியைப் பிடுங்குறேன்," என்றார் மேடம். "ஓடிப் போய் அவர் மண்டையில நடுறேன்."

"இரும்பு மண்டை மேடம்! அதுல எப்படி…"

"உயிர்ப்பசை இருக்குல்ல சார்," என்று டிரைவர் பணிவாக ஞாபகப்படுத்தினார். "எதையும் எதோடயும் ஒட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் டிக்கியில ஒரு டப்பா வெச்சிருக்கேன்."

பல்லுக்காரருக்கு வியர்த்தது. ஆனால் அவர் நியாயஸ்தர். முடியாது என்று சொல்ல ரூலில் இடமில்லை. "ஆறு விழணும்," என்றார். "ஆறு விழுந்தா ஒட்டும். வேற எது விழுந்தாலும் முதலாளி உங்க கழுத்தைத் திருகிடுவார்." சொல்லும்போதே நிம்மதியாகிவிட்டது. அந்தப் பகடை நாலை விட்டு நகராது என்று செய்தவருக்குத் தெரியாதா?

மேடம் பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி வீசினார். அது தாடைக் கோபுரத்தில் மோதி, மைத்துனனின் மூக்கை உரசிக்கொண்டு எகிறி, 'ப்ளக்' என்று டிரைவரின் டீக்குள் விழுந்தது.

கெட்டியான பால் டீ. உள்ளே என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"செல்லாது. மறுபடி போடுங்க," என்றார் பல்லுக்காரர்.

"பகடை நின்ன இடத்துல என்ன இருக்கோ அதுதான்னு போட்டிருக்கு மாமா. டீயில நிக்கக் கூடாதுன்னு போடலையே," என்றான் மைத்துனன்.

டிரைவர் கையை நீட்டி எடுக்கப் போனார். "தொடாதீங்க!" என்று மற்ற மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். எடுத்தால் புரளும். கப்பைச் சாய்த்தாலும் புரளும். கடைசியில் இருந்த வழி ஒன்றுதான். டிரைவர் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கப்பை அசைக்காமல், உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல டீயை உறிஞ்ச ஆரம்பித்தார். நல்ல சூடு. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் வளைவில் பஸ் திருப்புகிற அதே பொறுமை. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, டீ ஒவ்வொரு மயிரிழையாக இறங்குவதையே பார்த்தார்கள். சத்தம் கேட்டு, என்ன ஆச்சோ என்று தலைமை நர்ஸும் துணிக்கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

முதலில் ரோஸ் நிறத்தில் ஒரு மூலை தெரிந்தது. அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. டிரைவர் ஒரு இழுப்பு இழுத்தார்.

ஆறு.

மேடம் எழுந்து நின்றுவிட்டார். மைத்துனன் மேஜையைத் தட்டின தட்டில் கோபுரத்தின் மேல்மாடித் தாடை கழன்று கீழே விழுந்தது. டிரைவர் நாக்கைச் சுட்டுக்கொண்ட வாயோடு, "ஒட்டிக்கிச்சு சார்," என்றார்.

முதலாளியின் பளபளக்கிற மண்டையில், நட்டநடுவில், ஒரே ஒரு நீளமான கருமுடி. மனுஷத்தனம் ஒன்று. ஆக, ரூல்படி இனி அவர் நடத்துனர் கையில் இல்லை, ஆடுகிற யாராவது ஒருவர் கையில். ஆனால் ஒருவருக்கு ஒரு பாத்திரம்தான் என்று இன்னொரு ரூலும் இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து துணிக்கூடையைப் பார்த்தார்கள்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா," என்றார் தலைமை நர்ஸ்.

"உட்காருக்கா. சும்மா ஒரு முதலாளிதான்," என்றான் தம்பி.

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "யார் இவரு? என்ன வேலை இவருக்கு?"

"ஊரே அவருதுங்க," என்றார் மேடம்.

"அப்ப நிறைய வேலை இருக்குமே." அவர் முன்னால் கிடந்த தாள்களை ஒரு புரட்டு புரட்டினார். "வாசல்ல நிக்கிற இந்த ரோபோவுக்கெல்லாம் மாத்து ஆள் யாரு?"

"மாத்து ஆளா?" என்றார் பல்லுக்காரர். "அதுங்க ரோபோ. எப்பவும் நிக்கும்."

"எப்பவும் நின்னா எப்படி? கால் மூட்டு தேயாதா? பாதிப் பேரைச் சாயங்காலம் வரச் சொல்லுங்க." இன்னொரு தாளைத் திருப்பினார். "இந்த மழை எங்கிருந்து வருது?"

மூன்று பேரும் பல்லுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேக்கறேன்ல?"

"கம்பெனி மெஷின்ல இருந்து," என்றார் அவர்.

"மெஷின்னா சுவிட்ச் இருக்கும்ல?"

"…இருக்கும்."

"அதை முதல்ல அணைங்க. வருஷக்கணக்கா மழை பெய்ஞ்சா ஊர்ல துணி எப்படிக் காயும்?"

மழை நின்றது. அதை நிறுத்தச் சொன்னவர் ஊர் முதலாளி. பகடை போடக்கூட வேலையில்லை.

பல்லுக்காரர் டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். போனவர் வரவில்லை.

அவருக்குக் கோபம் இல்லை, கோபமாக இருந்தால் தேவலை. சந்துக்குச் சந்து, சாக்கடைக்குச் சாக்கடை அந்த ஊரை அவர் மழையை வைத்துத்தான் கட்டியிருந்தார். எதை எழுத ஆரம்பித்தாலும் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஊரை நினைத்துக்கொண்டே பகலெல்லாம் பல்செட் தேய்த்துக்கொண்டிருப்பார், யாருக்கும் தெரியாமல் ஒரு குடைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் ஊர் கண்ணுக்கே தெரியவில்லை. எதிரில் பல்செட்டுகள்தான் தெரிந்தன.

கதவு லேசாகத் திறந்து டிரைவர் தலை உள்ளே வந்தது.

"சார், அம்மா சங்கடப்படுறாங்க. வேணும்னா மழையைத் திரும்பப் போட்டுடறேன்னு சொல்றாங்க."

"அதெல்லாம் வேண்டாம். ரூல்படி சரிதான்."

டிரைவர் போகவில்லை. சுட்டுக்கொண்ட நாக்கைப் பல்லில் தடவிக்கொண்டு நின்றார். "நான் காரை எடுத்துக்கிட்டு மேல வந்துட்டேன் சார். வைப்பரை நிறுத்திட்டேன். கண்ணாடியை இறக்கிட்டேன். வெளிய என்ன தெரியுது?"

"எனக்குத் தெரியலை."

"நீங்க சொல்லாம எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அந்தரத்துல நின்னுட்டிருக்கேன்."

பல்லுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வயசான மனிதர். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை. நிஜமாகவே கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க," என்று எழுந்தார்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். தாள் எதையும் எடுக்கவில்லை. மழையில்லாத ஊருக்கு எழுதி வைத்தது ஏதாவது இருந்தால்தானே எடுக்க? கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தேய்த்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"முதல்ல சத்தம்தான் நின்னுச்சு. மழைச் சத்தத்துலயே பிறந்து வளர்ந்த ஊரு. அது நின்னதும் எல்லாரும் காது போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. காது டாக்டர் வாசல்ல கூட்டம். டாக்டரும் அந்தக் கூட்டத்துல நிக்கிறாரு. அப்புறம் மேகம் கொஞ்சம் விலகுச்சு. ஒரு சந்துல வெயில் விழுந்துச்சு, ஒரு பாய் அகலத்துக்கு. யாரும் அதை மிதிக்கலை. சுத்திப் போனாங்க. ஒரு அம்மா மட்டும் இரும்புக் கையை அதுல நீட்டிப் பாத்தாங்க. கை சுட ஆரம்பிச்சுது. எடுக்கவே இல்லை. பக்கத்துல ஒருத்தர் நடந்து வந்தாரு. அவர் முன்னாடி தரையில கறுப்பா ஒருத்தன் நீட்டிப் படுத்திருக்கான். நியான் வெளிச்சத்துல இவருக்குச் சிவப்பு நிழல், பச்சை நிழல்னு நாலு பக்கமும் கலைஞ்சு கலைஞ்சுதான் விழும். கறுப்பா, ஒத்தையா, தன் அளவுக்கு ஒரு நிழலை இவர் பாத்ததே இல்லை. நீங்க முதல்ல போங்கன்னு அதுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்கிறாரு. அதுவும் ஒதுங்குது. இவர் மறுபடி 'பரவாயில்லை, போங்க'ங்கிறாரு…"

அவர் நிறுத்தினார். மேஜையில் சத்தமே இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலைமை நர்ஸ் புருஷனை, இவர் யார் புதுசாக என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"மாமா," என்றான் மைத்துனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஊர்ல குடை விக்கிறவங்க எல்லாருக்கும் தொழில் போச்சே. அவங்ககிட்ட பாலிசி இருக்கா?"

மேடம் ரூல் தாளைச் சுருட்டி அவன் மண்டையில் ஒன்று போட்டார்.

அன்றோடு தலைமை நர்ஸ் மேஜையை விட்டு எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பென்சில். முதலாளி ஊருக்குப் புதிதாகச் சில ஏற்பாடுகள் செய்திருப்பதாகச் சொன்னார். கூலிக்கொலைகாரர்கள் இனி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். ஹேக்கர்கள் லீவு எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பறக்கும் கார்கள் இன்ன உயரத்துக்கு மேல் பறந்தால் காரணம் எழுதித் தர வேண்டும்.

"சட்டவிரோதமா பண்றதுக்கே நாங்க ஹேக்கர் ஆனது அக்கா!" என்று அலறினான் தம்பி.

"பண்ணு. யார் வேண்டாம்னா? நேரத்துக்கு வந்து பண்ணு."

பல்லுக்காரர் வசனம் எழுதிப் பேசிப் பழகின முதலாளியிடம் வராத பயம் இந்த ஒற்றை முடி முதலாளியிடம் வந்துவிட்டது. மூன்று பேரும் சமையலறையில் போய்க் கூடிக் கூடி ரகசியம் பேசினார்கள். கோபுரத்தைத் தகர்க்கப் போவதாக டிரைவர் சபதமே செய்தார். பல்லுக்காரர் சந்தோஷமாக எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க? ஊர்ல சாக்கடையைச் சுத்தம் பண்ண ஆள் வேணும். ஒரு ஆளை எடுத்துக்கோங்க."

"நான் நடத்துனர். நான் ஆட முடியாது."

"அப்படி எங்க போட்டிருக்கு?"

அவர் தேடினார். ரூல் தாள் எல்லாவற்றையும் புரட்டினார். எங்கேயும் போடவில்லை. அப்படியொரு ரூல் தேவைப்படும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஆக, அந்த ஊர் உண்டான நாளிலிருந்து முதல் தடவையாகப் பல்லுக்காரர் அதற்குள் இறங்கினார். துப்புரவு ஆய்வாளர். உடம்பெல்லாம் சொந்த உடம்பு, ஒரு நட்டு போல்ட் கிடையாது. தொப்பி மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து, முதல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது.

"தலைகுப்புற உள்ளே!" என்றார் மேடம் ஆனந்தமாக. "எவ்வளவு ஆழம்?"

"நடத்துனர்தான் சொல்லணும்," என்றான் மைத்துனன்.

பல்லுக்காரர் நடத்துனராக மாறி, நேராக உட்கார்ந்து, நடுநிலையோடு யோசித்தார். "முழங்கால் அளவு," என்றார். "அதுவும் சுத்தமான தண்ணி."

"அநியாயம்!" என்று எழுந்தார்கள் மூன்று பேரும். "கள்ளாட்டம் சார்!" என்று டிரைவர் மேஜையைத் தட்டினார். கூச்சலோடு கூச்சலாக எல்லோரும் முதலாளியம்மாவிடம் நியாயம் கேட்டார்கள். தலைமை நர்ஸ் பென்சிலை எடுத்தார், புருஷனை மேலும் கீழும் ஒரு தடவை அளந்து பார்த்தார்.

"கழுத்து வரைக்கும்," என்று எழுதினார்.